பால் செரித்த வரலாறு

பாலில் உள்ள சர்க்கரையின் பெயர் லாக்டோஸ். பசும்பாலில் அது நூற்றுக்கு ஏறத்தாழ 5 பங்கு, தாய்ப்பாலில் 7 பங்கு. குளுக்கோஸும் காலக்டோஸும் பிணைந்த இந்த இரட்டைச் சர்க்கரையைக் குடல் அப்படியே உறிஞ்சிக்கொள்ளாது. இரண்டாக வெட்டினால்தான் இரத்தத்தில் சேரும். வெட்டுகிற நொதி லாக்டேஸ். பாலூட்டி விலங்குகளில் பொதுவாகக் குட்டி தாய்ப்பால் குடிக்கும் காலத்தில் இந்த நொதி நிறைய இருக்கும், பால்குடி மறந்தபின் வெகுவாகக் குறைந்துவிடும். மனிதரிலும் பெரும்பான்மையோருக்கு நடப்பது இதுதான். உலகில் உள்ள பெரியவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்கு மட்டும் அது வாழ்நாள் முழுவதும் குறையாமல் நிற்கிறது.

இந்தச் சிறுபான்மை எப்படி உருவாயிற்று என்ற கேள்விக்கு விடை தேடியவர்கள் பல துறைக்காரர்கள். மண்பானை ஓட்டில் ஒட்டிய கொழுப்பைச் சுரண்டிப் பார்த்தவர்கள், மாடு மேய்க்கும் குடிகளின் வரைபடம் போட்டவர்கள், குடல் செல்லுக்குள் மரபணு எப்படி இயங்குகிறது என்று ஆராய்ந்தவர்கள் என்று பட்டியல் நீள்கிறது. மூன்று தடங்களும் சந்தித்த இடம், லாக்டேஸ் மரபணுவிலிருந்து ஏறத்தாழ 14,000 எழுத்துகள் தள்ளியிருக்கும் ஒரு சின்ன டி.என்.ஏ. துண்டு.

சிறுகுடலின் உட்சுவரைப் போர்த்தியிருப்பது எபிதீலியம் என்ற ஒற்றை அடுக்குச் செல் படலம். விரல்விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் குடல் உறிஞ்சிகளின் மேல் இந்தச் செல்கள் இடைவெளி இல்லாமல் அணிவகுத்து நிற்கின்றன. உறிஞ்சிகளின் அடிப்பள்ளங்களில் உள்ள குருத்தணுக்கள் ஓயாமல் பிரிந்து புதிய செல்களைத் தருகின்றன. அவை மெல்ல மேலேறி, முதிர்ந்து, சில நாட்களில் நுனியை எட்டி உதிர்கின்றன. மேலேறும் வழியில்தான் குடலின் உட்புறம் நோக்கிய முகத்தில் நுண் உறிஞ்சிகளை வளர்த்து, அவற்றின் மேல் லாக்டேஸை நிறுத்துகின்றன. ஐம்பது வயதுக்காரரின் குடல் எபிதீலியச் செல்லுக்கு வயது நான்கைந்து நாள்தான் என்பதை இங்கே மனத்தில் கொள்ள வேண்டும். லாக்டேஸ் மரபணுவை இயக்குவதா வேண்டாமா என்பதை ஒவ்வொரு புதுச் செல்லும் புதிதாக முடிவுசெய்கிறது.

இயக்காவிட்டால் குடித்த பாலின் லாக்டோஸ் வெட்டுப்படாமல் பெருங்குடலுக்குப் போகும். அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைக்கும். வயிறு உப்பும், இரையும், சிலருக்குப் பேதியாகும்.

இது மருத்துவர்களின் கவனத்துக்கு வந்தது 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். அதற்கு வழி திறந்தது ஒரு சிறு கருவி. 1957இல் அமெரிக்க இராணுவ மருத்துவர் வில்லியம் கிராஸ்பி ஓர் உலோகக் குளிகையை அறிமுகப்படுத்தினார். மெல்லிய குழாயின் முனையில் கட்டிய அந்தக் குளிகையை நோயாளி விழுங்குவார். அது சிறுகுடலை அடைந்தபின் குழாய் வழியே காற்றை உறிஞ்சினால், குளிகையின் பக்கத்துத் துளைக்குள் குடற்சுவரின் ஒரு துணுக்கு இழுபடும். உள்ளே இருக்கும் கத்தி சுழன்று அதை நறுக்கிக்கொள்ளும். வயிற்றை அறுக்காமலேயே உயிருள்ள மனிதரின் குடல் எபிதீலியம் ஆய்வகத்துக்கு வந்தது அப்படித்தான். அதில் லாக்டேஸின் அளவைப் பார்த்தபோது, வேறு எந்தக் கோளாறும் இல்லாத பெரியவர்கள் சிலரிடம் அந்த ஒரு நொதி மட்டும் மிகக் குறைந்திருப்பது தெரிந்தது. 1963இல் இதைப் பற்றிய அறிக்கைகள் ஐரோப்பாவிலிருந்து வெளிவந்தன.

அப்போது அதை அபூர்வமான குறைபாடு என்றே எழுதினார்கள். 1966இல் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த தியோடர் பேலெஸும் நார்ட்டன் ரோசென்ஸ்வைக்கும் நல்ல உடல்நலமுள்ள ஆண்களைச் சோதித்தார்கள். கறுப்பின அமெரிக்கர்களில் பத்தில் ஏழு பேர் அளவுக்கு லாக்டேஸ் குறைந்திருந்தது. வெள்ளையரில் அப்படி இருந்தவர்கள் சிலரே. அடுத்த சில ஆண்டுகளில் ஆசியா, ஆப்பிரிக்கா, தென்னமெரிக்கா எங்கும் இதே சோதனை நடந்தது. 50 கிராம் லாக்டோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, இரத்தச் சர்க்கரை ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். முடிவுகள் சேரச் சேர, எது இயல்பு, எது விலக்கு என்ற கணக்கே தலைகீழாயிற்று. வட ஐரோப்பியரின் குடலை வைத்து உலகத்துக்கே இலக்கணம் வகுத்ததுதான் பிழை. மருத்துவ வரலாற்றில் இத்தகைய பிழைகள் பல உண்டு. இவ்வளவு விரைவாகத் திருந்தியவை குறைவு.

புவியியலாளர் ஃபிரெடெரிக் சிமூன்ஸ் இந்த முடிவுகளை ஒரு வரைபடமாகப் பார்த்தார். பால் கறந்து குடிக்கும் நெடிய மரபு எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் பெரியவர்களும் பாலைச் செரிக்கிறார்கள். சீனாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் கறவை மரபு இல்லை, செரிமானமும் இல்லை. கறவை வழக்கம் முதலில் வந்தது, அந்த வழக்கத்துக்கு ஏற்ற உடல் பின்னால் தேர்வாயிற்று என்று அவர் 1970 வாக்கில் எழுதினார். அந்த நாளில் அது துணிந்த கருத்து. ஒரு பழக்கம் மனிதரின் பரம்பரையையே மாற்றும் என்பதற்கு அப்போது சான்றுகள் குறைவு.

பரம்பரை என்பது உறுதியானது பின்லாந்தில். டிமோ சாஹி குடும்பம் குடும்பமாகச் சோதித்து, லாக்டேஸ் குறைவது ஒடுங்கு பண்பு என்று 1973இல் காட்டினார். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த வடிவம் வந்தால்தான் நொதி குறையும். ஒருவரிடமிருந்து மற்ற வடிவம் கிடைத்தாலே பால் செரிக்கும். ஆனால் அந்த மாற்றம் டி.என்.ஏ.வில் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க மேலும் 29 ஆண்டுகள் ஆயின. காரணம், எல்லோரும் தேடிய இடத்தில் அது இல்லை. 1991இல் இரு வகையினரின் லாக்டேஸ் மரபணுவையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டபோது, நொதியின் அமைப்பைத் தீர்மானிக்கும் பகுதியில் விளக்கம் தரும் வேறுபாடு எதுவும் தென்படவில்லை. நொதி ஒன்றேதான். ஒருவருக்கு அது தயாராகிறது, மற்றவருக்கு நின்றுபோகிறது.

இந்தப் புதிரை அவிழ்க்க வேண்டிய கருத்து அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே வேறொரு மூலையில் பிறந்திருந்தது. 1981இல் சூரிச் பல்கலைக்கழகத்தில் வால்ட்டர் ஷாஃப்னரின் குழுவினர், முயலின் குளோபின் மரபணுவோடு எஸ்.வி.40 என்ற குரங்கு வைரசின் டி.என்.ஏ. துண்டு ஒன்றை இணைத்து ஹீலா செல்களுக்குள் செலுத்தினார்கள். ஹீலா செல்களும் எபிதீலியத்திலிருந்து வந்தவைதான். கருப்பை வாய்ப் புற்றிலிருந்து 1951இல் வளர்க்கப்பட்டவை. அந்தத் துண்டு இருந்தபோது மரபணுவின் செயல்பாடு ஏறத்தாழ 200 மடங்கு கூடியது. வியப்பு என்னவென்றால், துண்டை மரபணுவுக்கு முன்னால் வைத்தாலும் பின்னால் வைத்தாலும், ஆயிரக்கணக்கான எழுத்துகள் தள்ளி வைத்தாலும், திருப்பிப் போட்டாலும் அது வேலை செய்தது. இத்தகைய துண்டுக்கு ‘என்ஹான்சர்’ என்று பெயர் நிலைத்தது. தமிழில் ஊக்கிப் பகுதி எனலாம். 1983இல் நோயெதிர்ப்புப் புரத மரபணுவிலும் ஓர் ஊக்கிப் பகுதி கிடைத்தது. அது வெள்ளையணு வகையில் மட்டுமே இயங்கியது. ஒரே டி.என்.ஏ.வைச் சுமக்கும் உடலில் தோல் தோலாகவும் குடல் குடலாகவும் இருப்பதற்கு இந்தப் பகுதிகளே பெருங்காரணம் என்ற எண்ணம் அதன்பின் வலுத்தது.

ஊக்கிப் பகுதி தானாக எதையும் செய்வதில்லை. அதன் மேல் வந்து அமரும் புரதங்களே அதை இயக்குகின்றன. இவற்றுக்குப் படியெடுத்தல் காரணிகள் என்று பெயர். ஒவ்வொரு காரணியும் ஆறு முதல் பத்து எழுத்துகள் கொண்ட ஒரு குறுந்தொடரைத் தேடிப் பற்றும். பற்றிய காரணிகள் வேறு புரதங்களை அழைத்துவரும், டி.என்.ஏ.வைச் சுற்றிவைத்திருக்கும் ஹிஸ்டோன் புரதங்களை அவை தளர்த்தும், இடைப்பட்ட டி.என்.ஏ. வளைந்து, தொலைவில் இருந்த ஊக்கிப் பகுதி மரபணுவின் தொடக்கத்துக்கு அருகே வரும், ஆர்.என்.ஏ. பாலிமெரேஸ் என்ற நொதி அங்கே படியெடுக்கத் தொடங்கும்.

லாக்டேஸ் கதையில் அடுத்த துப்பு 1995இல் இலண்டனில் கிடைத்தது. டாலஸ் ஸ்வாலோவின் குழுவினர், இரு வடிவங்களிலும் ஒவ்வொரு பிரதி சுமப்பவர்களின் குடல் துணுக்கில் எந்த வடிவம் எவ்வளவு படியெடுக்கப்படுகிறது என்று அளந்தார்கள். ஒரே செல்லுக்குள், ஒரே காரணிகளின் நடுவே, ஒரு பிரதி மும்முரமாக இயங்கியது, மற்றது ஓய்ந்திருந்தது. காரணிகளில் குறை இருந்தால் இரண்டு பிரதிகளும் ஒன்றாக ஓய்ந்திருக்க வேண்டும். ஆகவே மாற்றம் அதே குரோமோசோமில், மரபணுவின் அக்கம்பக்கத்தில்தான் இருக்க வேண்டும்.

2002இல் ஹெல்சின்கியில் நபில் எனட்டா, இர்மா யார்வெலா, லீனா பெல்டோனென் ஆகியோரின் குழு அந்த இடத்தைத் தொட்டது. பின்லாந்தின் ஒன்பது பெருங்குடும்பங்களில் 2ஆம் குரோமோசோமின் ஒரு பகுதியைப் படிப்படியாகக் குறுக்கிக்கொண்டு போய், லாக்டேஸ் மரபணுவின் தொடக்கத்திலிருந்து 13,910 எழுத்துகள் முன்னால் உள்ள ஒரே எழுத்தில் வந்து நின்றார்கள். அங்கே ‘சி’ இருந்தால் பெரியவரானபின் லாக்டேஸ் குறைகிறது. ‘டி’ இருந்தால் குறைவதில்லை. இந்த எழுத்து இருப்பதோ பாலுக்குச் சம்பந்தமே இல்லாத, செல் பிரிவுக்கு உதவும் எம்.சி.எம்.6 என்ற பக்கத்து மரபணுவின் உள்ளே.

அந்த ஓர் எழுத்து என்ன செய்கிறது? கோபன்ஹேகனில் யெஸ்பர் ட்ரோல்சனின் குழு கேக்கோ-2 செல்களில் இதைச் சோதித்தது. பெருங்குடல் புற்றிலிருந்து வந்த இந்த எபிதீலியச் செல்கள், தட்டில் நெருங்கி வளர்ந்தபின் சிறுகுடல் செல்களைப் போல நடந்துகொள்ளும். எம்.சி.எம்.6 மரபணுவுக்குள் இருக்கும் அந்தத் துண்டு லாக்டேஸ் மரபணுவுக்கான ஊக்கிப் பகுதி என்பதும், ‘டி’ வடிவம் ‘சி’ வடிவத்தைவிடப் பலமடங்கு வலுவாக இயக்குகிறது என்பதும் 2003இல் தெரிந்தன. அதே ஆண்டில் அமெரிக்காவிலும் இதையொத்த முடிவு கிடைத்தது. 2005இல் விவரம் இன்னும் துலங்கியது. அந்த எழுத்து இருக்கும் இடத்தில் ஆக்ட்-1 என்ற காரணி அமர்கிறது. ‘டி’ இருந்தால் அதன் பிடி இறுகுகிறது. சுற்றிலும் ஜி.ஏ.டி.ஏ., எச்.என்.எஃப்.4-ஆல்ஃபா, சி.டி.எக்ஸ்.2 முதலிய காரணிகளுக்கு இடங்கள் இருக்கின்றன. எச்.என்.எஃப்.1-ஆல்ஃபா ஆக்ட்-1-உடன் சேர்ந்து மரபணுவை முடுக்குகிறது.

இங்கே சற்று நின்று பார்ப்பது தகும். ஆக்ட்-1 குடலுக்கே உரிய புரதம் அல்ல. உடலின் ஏறத்தாழ எல்லாச் செல்களிலும் இருப்பது. அப்படியிருந்தும் லாக்டேஸ் தோலிலோ நுரையீரலிலோ தோன்றுவதில்லை. காரணம், இடத்தைத் தீர்மானிப்பவை மற்றக் காரணிகள். சி.டி.எக்ஸ்.2-உம் எச்.என்.எஃப். வகைகளும் குடல் எபிதீலியத்தின் அடையாளத்தையே நிறுவுகின்றன. சிறுகுடலின் மேற்பகுதியில் லாக்டேஸ் மிகுந்தும் கடைப்பகுதியில் குறைந்தும் இருப்பதற்கு ஜி.ஏ.டி.ஏ.4 காரணம், எலிகளின் குடலில் அந்தக் காரணியைச் செயலிழக்கச் செய்தபோது மேற்பகுதியிலும் லாக்டேஸ் குறைந்துபோயிற்று என்று 2006இல் வந்த ஆய்வு காட்டுகிறது. ஆக, ‘டி’ எழுத்து புதிதாக ஓர் இடத்தில் மரபணுவை எழுப்பவில்லை. குழந்தைப் பருவத்தில் எரிந்துகொண்டிருந்ததை அணையாமல் காக்கிறது, அவ்வளவே. புதிய நொதியோ புதிய உறுப்போ தேவைப்படாத இந்தச் சிக்கனம்தான் இத்தகைய மாற்றம் மீண்டும் மீண்டும் தோன்ற இடம்கொடுத்தது.

அணைவது எப்படி என்பதற்கும் ஓரளவு விடை உண்டு. 2016இல் வெளியான ஆய்வின்படி, ‘சி’ வடிவத்தில் வயது ஏற ஏற இந்த ஊக்கிப் பகுதியைச் சுற்றி மெத்தில் என்ற வேதிக் குறிகள் படிந்து மரபணு அடங்குகிறது. ‘டி’ வடிவம் அந்தப் படிவுக்கு இடம் தருவதில்லை. செல் நான்கு நாளில் உதிர்ந்தாலும் குறிகள் குருத்தணு வழியே அடுத்த செல்லுக்குப் போகின்றன என்று கொண்டால், புதுச் செல்லும் உடலின் வயதை அறிந்திருப்பது புரியும்.

பின்லாந்தின் எழுத்தே உலகம் முழுமைக்கும் விடை என்று சிலகாலம் எண்ணினார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவின் மாடு மேய்க்கும் குடிகளில் பால் நன்றாகச் செரித்தது. ஆனால் அந்த ‘டி’ அங்கே இல்லை. சாரா டிஷ்காஃப் தலைமையில் தான்சானியா, கென்யா, சூடான் நாடுகளில் 470 பேரைச் சோதித்து 2007இல் வெளியிட்ட ஆய்வு, அதே ஊக்கிப் பகுதியில் வேறு மூன்று மாற்றங்களைக் காட்டியது. 14,010ஆம் இடத்தில் ஒன்று, 13,915இல் ஒன்று, 13,907இல் ஒன்று. எல்லாம் ஏறத்தாழ நூறு எழுத்துகள் அகலமுள்ள ஒரே வட்டாரத்துக்குள். 13,915ஆம் இடத்து மாற்றம் அரேபியாவில் மிகுதி. அது ஒட்டகப் பாலோடு தொடர்புடையது என்று 2008இல் எழுதினார்கள். ஐரோப்பாவின் பசுக்காரரும் மசாய்நாட்டு மேய்ப்பரும் பாலைவனத்து ஒட்டகக்காரரும் ஒருவரிடமிருந்து ஒருவர் பெறாமல், தனித்தனியே ஒரே கதவைத் தட்டித் திறந்திருக்கிறார்கள்.

எப்போது திறந்தார்கள் என்பதற்கு மண்பானைகள் சான்று. சுடுமண்ணின் நுண்துளைகளில் ஊறிய கொழுப்பு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அழியாமல் இருக்கும். பால் கொழுப்பையும் இறைச்சிக் கொழுப்பையும் கரிம ஐசோடோப்புகளால் பிரித்தறியும் முறையை பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் எவர்ஷெட் குழு 1998இல் வெளியிட்டது. அதே குழு 2,200க்கு மேற்பட்ட பானைகளை ஆராய்ந்து, இன்றைய துருக்கியின் வடமேற்கில் கி.மு. 7ஆம் ஆயிரத்தாண்டிலேயே பால் புழங்கியதை 2008இல் நிறுவியது. போலந்தின் குயாவியா வட்டாரத்தில் துளைகள் நிறைந்த ஓடுகள் கிடைத்திருந்தன. அவை பாலாடைக்கட்டி வடிக்கும் பாத்திரங்கள் என்று பீட்டர் போகுக்கி 1980களிலேயே சொல்லியிருந்தார். அவற்றில் பால் கொழுப்பு இருப்பது 2012இல் உறுதியாயிற்று.

எலும்புகளோ வேறு கதை சொல்கின்றன. ஜெர்மனியின் யோவாகிம் பர்கர் குழு 2007இல் ஐரோப்பாவின் ஆதி உழவர்களின் எலும்பில் தேடியபோது ‘டி’ எழுத்து அகப்படவே இல்லை. வட ஜெர்மனியின் டோலென்ஸ் ஆற்றங்கரையில் கி.மு. 1200 வாக்கில் போரிட்டு மடிந்தவர்களிடமும் அது அரிதே என்று 2020இல் தெரிந்தது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பாலைக் கறந்தவர்களுக்குப் பாலைச் செரிக்கும் குடல் இல்லை. சிமூன்ஸ் சொன்ன வரிசை சரிதான்: வழக்கம் முன்னே, உடல் பின்னே.

இடைக்காலத்தைக் கடத்தியது புளிக்கவைக்கும் கலை. தயிரில் பாக்டீரியாக்கள் லாக்டோஸின் ஒரு பங்கைத் தின்றுவிடுகின்றன; அவற்றின் நொதி குடலுக்குள் போயும் மிச்சத்தை வெட்டுகிறது. நெய்யில் லாக்டோஸ் இல்லை என்றே சொல்லலாம். மங்கோலியாவில் வெண்கலக் காலம் தொட்டுப் பால் உணவு முதன்மையானது. அங்கே ‘டி’ எழுத்து இன்றும் குறைவு, குதிரைப் பாலைப் புளிக்கவைத்த ஐராக் இன்றும் உண்டு. தமிழ்நாட்டின் பழைய சான்றும் இதே திசையைக் காட்டுகிறது. பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஆய்மகள் விடியற்காலையில் தயிர் கடைகிறாள்; மோர் விற்று உணவுப்பொருள் கொள்கிறாள்; நெய்க்குப் பொன் வாங்காமல் எருமையும் பசுவும் பெறுகிறாள். அவள் தலையில் சுமப்பது மோர்ப்பானை.

இந்தியாவில் பால் புழக்கத்தின் நேரடிச் சான்று குஜராத்தின் கோட்டடா பட்லி என்ற சிந்துவெளிக்கால ஊரிலிருந்து வருகிறது. கி.மு. 2500 அளவைச் சேர்ந்த அவ்வூர்ப் பானை ஓடுகளில் பால் கொழுப்பு இருந்ததை 2020இல் அறிவித்தார்கள். திமில் உள்ள மாட்டினம் இந்தத் துணைக்கண்டத்திலேயே தனியாகப் பழக்கப்பட்டது. ஆகவே பால் செரிக்கும் மாற்றமும் இங்கே தனியாகப் பிறந்திருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். துணைக்கண்டம் முழுவதிலுமிருந்து 2,284 டி.என்.ஏ. மாதிரிகளை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வு அந்த எதிர்பார்ப்பைப் பொய்யாக்கியது. இந்தியாவில் காணப்படுவது ஐரோப்பாவில் உள்ள அதே 13,910ஆம் இடத்து ‘டி’; சுற்றியுள்ள டி.என்.ஏ.வும் அதே. பொதுவாக வடமேற்கில் மிகுந்து தென்கிழக்கு நோக்கிக் குறைகிறது, பக்கத்துப் பக்கத்துச் சமூகங்களுக்குள்ளும் அளவு வெகுவாக மாறுகிறது. மாடு இங்கேயே பழக்கப்பட்டது, எழுத்து வெளியிலிருந்து வந்தது.

அந்த எழுத்து பரவியதற்கான காரணம் இன்னும் விவாதத்தில் உள்ளது. வெயில் குறைந்த வடக்கில் சுண்ணாம்புச்சத்து உறிஞ்ச லாக்டோஸ் உதவியது என்ற கருத்து 1973இலேயே எழுந்தது. ஸ்பெயினுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் அது பொருந்தாது. எவர்ஷெட்டும் பலரும் 554 தொல்லிடங்களின் ஓடுகளையும், இலட்சக்கணக்கான பிரித்தானியரின் மரபணுத் தரவுகளையும் சேர்த்துப் பார்த்து 2022இல் வேறு விளக்கம் தந்தார்கள். பால் குடிக்கும் அளவு கூடியதற்கும் ‘டி’ பெருகியதற்கும் நேரடிப் பொருத்தம் இல்லை. பஞ்சமும் தொற்றுநோயும் பெருகிய காலங்களோடு பொருத்தம் இருக்கிறது. நல்ல காலத்தில் வயிற்றுப்போக்கு வெறும் தொல்லை. பட்டினியால் மெலிந்தவருக்கு அதுவே உயிருக்கு எமன். சுண்ணாம்புக் கருத்தைவிட இந்த விளக்கம் வலுவானது. ஒவ்வொரு பஞ்சத்திலும் செரிக்க முடியாதவர் சற்றுக் கூடுதலாக மடிந்தாலே, சில நூறு தலைமுறைகளில் எழுத்து பெருகிவிடும்.

லாக்டேஸ் குறைவது நோய் அல்ல. அப்படிப்பட்ட பெரியவர்களிலும் பெரும்பாலோர் ஒரு வேளைக்கு 12 கிராம் வரை லாக்டோஸை, அதாவது ஏறத்தாழ 250 மில்லி பாலைத் தொல்லையின்றித் தாங்குவார்கள். உணவோடு சேர்த்துக் குடித்தால் இன்னும் எளிது. அதுவும் ஒத்துக்கொள்ளாதவர் தயிரோ மோரோ குடிக்கலாம்.